கதவு தட்டிய புலவர்கள்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிலப்பதிகாரப் பதிகம் ஒரு சந்திப்பில் தொடங்குகிறது. குணவாயிற் கோட்டத்தில் துறவு பூண்டிருந்த இளங்கோவடிகளிடம் மலைக்குறவர் சென்று தாம் கண்ட ஒரு வியப்பினைக் கூறுகின்றனர். வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண் ஒருத்தி, தம் கண்முன்னே விண்ணுலகு சென்றாள் என்பது அவர்கள் சொன்ன செய்தி. அவள் யார், எவ்வூரினள், ஏன் அந்நிலை எய்தினாள் என்பன அவர்களுக்குத் தெரியா. அருகிருந்த சாத்தனார்க்கு முன் நிகழ்ந்தவை தெரியும், முடிவு தெரியாது. இரு பாதிகளும் ஓரிடத்தில் கூடியபோதே காப்பியத்திற்குரிய கதை முழுமையுற்றது. பதிகம் இளங்கோவடிகள் வாக்கா, பிற்காலத்தார் சேர்த்ததா என்னும் வினா அறிஞரிடையே நீண்டகாலமாக உள்ளது. அவ்வினா இக்கட்டுரைக்குத் தடையன்று. காப்பியம் பிறந்த வகையைப் பதிகம் இவ்வாறு கற்பனை செய்கிறது என்பதே இங்கு வேண்டப்படுவது. மலைவாழ் மக்கள் அரச குடியில் தோன்றிய துறவியின் வாயிலுக்குச் சென்று, நம்புதற்கரிய செய்தி ஒன்றைச் சொல்லத் துணிந்தனர். அவர் கேளாது விடுத்திருப்பின் பாதிக் கதை மலையிலேயே நின்றிருக்கும்.

பழந்தமிழ் நூல்கள் வெளிப்பட்ட வரலாற்றை எழுதுவோர் 'மீட்பு', 'கண்டெடுப்பு' என்னும் சொற்களைப் பெரிதும் ஆள்கின்றனர். ஏடுகள் அழியும் நிலையில் இருந்தன, அவை தேடி எடுக்கப்பெற்றன, அச்சேறின என்பதாக அவ்வரலாறு அமைகிறது. இஃது உண்மையே எனினும் முழு உண்மையன்று. பல நூல்கள் எங்கோ ஓரிடத்தில் ஒரு சிறு குழுவினரால் இடையறாது பயிலப்பெற்றே வந்தன. அக்குழுவினர் இருப்பதைப் பிறர் அறியவில்லை. பிறர்க்கும் அந்நூலில் நாட்டமுண்டு என்பதை அக்குழுவினர் அறியவில்லை. இடையே சாதி, சமயம், மொழியெல்லை, பதவி ஆகியன மூடிய கதவுகளாக நின்றன. அக்கதவுகளுள் ஒன்றைத் தட்டியவர் எவரும் உள்ளிருந்து வரும் மறுப்பினை முன்னரே எண்ணிப் பார்த்திருத்தல் வேண்டும். இந்நோக்கில் மூன்று இடங்களை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லை. இரண்டு இன்றைய கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களைச் சார்ந்தவை. மூன்றாவது கும்பகோணம். அதனை விடுத்து இப்பொருளைப் பேசுதல் இயலாது.

கூத்துமாடத்துப் புலவர்

பாலக்காடு மாவட்டத்திலும், அதனை அடுத்துப் பாரதப்புழை பாயும் திருச்சூர், மலப்புறம் மாவட்டப் பகுதிகளிலும் உள்ள பத்திரகாளி கோயில்கள் பலவற்றின் முன் கூத்துமாடம் என்னும் தனிக்கட்டடம் ஒன்று காணப்படும். ஏறத்தாழ 42 அடி நீளமுடைய அம்மாடத்தின் முன்புறம் வெண்திரை கட்டப்பெறும். திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் ஏற்றப்பெறும். மான்தோலில் செதுக்கிய பாவைகளின் நிழல் திரையில் ஆட, இரவு முழுதும் இராமகாதை நிகழும். தை தொடங்கி வைகாசி வரையிலான பருவத்தில், கோயிலுக்குக் கோயில் வேறுபட்டு 7, 14, 21 இரவுகளும், சில இடங்களில் 71 இரவுகள் வரையும் இது தொடர்வதுண்டு. தோற்பாவைக் கூத்து எனப்படும் இக்கலையின் பாடல்கள் தமிழ்ப் பாடல்கள். மிகப் பெரும்பாலும் கம்பருடையவை. அவற்றைப் பாடி விளக்கம் கூறுவோர் வழிவழியாகப் 'புலவர்' என்னும் பட்டம் தாங்குவோர். விளக்கவுரை மலையாளம் விரவிய தமிழாக, இடையிடையே வடமொழிச் சுலோகங்களோடு அமையும்.

இக்கூத்தினைக் காண்பவர் யார் என்னும் வினாவே நமக்கு இன்றியமையாதது. மரபு கூறும் விடை தெளிவானது. தாரிகனோடு போர் புரிந்துகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காணும் வாய்ப்பினைக் காளி இழந்தாள். அவள் காணும்பொருட்டே கோயில்முன் இக்கூத்து நிகழ்கிறது. ஆகவே மானிடர் எவரும் எதிரில் இல்லாவிடினும் கூத்து நடைபெறும். இரவு ஏற ஏறத் திரைமுன் ஒருவரும் இலராதல் வழக்கம். 1980களில் இப்பகுதியில் களப்பணி ஆற்றி, 1996இல் ஆங்கிலத்தில் தனிநூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க நாட்டார் வழக்காற்று அறிஞர், இவ்வெறுமையையே தம் ஆய்வின் மையமாகக் கொண்டார். எதிரில் கேட்போர் இல்லாமையால், மாடத்தின் உள்ளிருக்கும் புலவர்கள் ஒருவரையொருவர் வினவியும் விடையிறுத்தும் தம்முள்ளேயே அவையொன்றை அமைத்துக்கொள்கின்றனர் என்பது அவர் கண்டது. ஒரு பாடலுக்குப் பொருள் கூறும்போது உடனிருப்போர் ஐயம் எழுப்புவர். கதை நின்று இலக்கணமும் புராணமும் தருக்கமும் புகும். பின் கதை தொடரும். தமிழ் வழங்கும் நிலத்திற்கு வெளியே, கம்பனைத் தெரிந்த ஐந்தாறு பேர் விளக்கொளியில் விடியும்வரை கம்பனைப் பேசிக்கொண்டிருக்கும் காட்சி இது. தமிழ்நாட்டில் கம்பன் கழகங்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே இஃது இருந்துவந்தது.

இக்கலையின் தோற்றம் பற்றிப் புலவர் குடும்பங்கள் கூறும் மரபுச் செய்தி ஒன்று நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. சின்னத்தம்பிப் புலவர் என்பார் கம்பராமாயண விரிவுரை கேட்க விரும்பி அந்தணர் நடத்திய அவைக்குச் சென்றார் என்றும், சாதி காரணமாக உள்ளே அனுமதிக்கப்பெறவில்லை என்றும், அதனாலேயே எல்லோரும் கேட்கும் வண்ணம் பாவைக்கூத்தினை அமைத்தார் என்றும் அச்செய்தி கூறுகிறது. இதனை வரலாற்று நிகழ்ச்சியாக நிறுவச் சான்று போதாது. ஆயினும் ஒரு கலைமரபு தன் பிறப்பினை ஒரு மறுப்பிலிருந்து கணக்கிடுவது புறக்கணிக்கத்தக்கதன்று. பல கலைகள் தம் தோற்றத்தைத் தெய்வ அருளோடு இணைக்கும். இங்கோ தெய்வக் கதையின் அருகிலேயே, வாயிலில் திருப்பி அனுப்பப்பட்ட மனிதர் ஒருவரின் கதையும் காக்கப்பட்டுள்ளது. இரண்டாவது கதையே பழமையின் உண்மையை மிகுதியும் தாங்கியிருக்கும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இம்மரபினர் பின்னரும் ஒருமுறை கதவு தட்ட நேர்ந்தது. ஷொறணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000) கூத்தினைக் கோயில் மாடத்திற்கு வெளியே கொணர்ந்து, பல இரவுகளுக்குரிய கதையைச் சில மணி நேர அளவிற்குச் சுருக்கி, பொது மேடைகளிலும் வெளிநாடுகளிலும் நிகழ்த்தினார். சடங்கெனக் கருதப்பெறும் ஒன்றைச் சடங்கிடத்திலிருந்து பிரிப்பது எளிய செயலன்று. உள்ளே இருந்தோர் மரபு மீறல் எனலாம். வெளியே இருந்தோர்க்கோ தமிழ்ப் பாடலும் மலையாள உச்சரிப்பும் கலந்த இக்கலை எவ்வகையினது என்றே விளங்காமற் போகலாம். மலையாளியர்க்குப் பாடல் புரியாது. தமிழர்க்கு உரை புரியாது. இருபுறமும் மறுக்கப்படக்கூடிய இடத்தில் அவர் நின்றார். சங்கீத நாடக அகாதெமியின் விருது 1980இல் அவர்க்குக் கிடைத்தது. அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆடவர் மட்டுமே பயின்ற இக்கலையில் அக்குடும்பத்துப் பெண்களும் இன்று பாவை ஏந்துகின்றனர்.

விருதுகள் ஒருபுறம் இருக்க, கம்பனின் பாடவேறுபாடுகளை ஆராய்வோர் கூத்துமாடப் பாடத்தினை எத்துணை கருத்தில் கொண்டனர் என்று கேட்டல் தகும். செவிவழியாகவும் ஏட்டுவழியாகவும் பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே சென்று தனித்து வளர்ந்த பாடம் அது. அச்சுப் பதிப்பின் தாக்கம் அதனுள்ளும் புகுந்திருத்தல் கூடும். எங்கே புகுந்தது, எங்கே புகவில்லை எனப் பிரித்தறிய வேண்டிய பணி உள்ளது. அதற்குரியோர் பனிக்காலத்து இரவொன்றில் கூத்துமாடத்தின் பின்வாயிலில் சென்று நிற்கவேண்டும்.

1880, அக்டோபர் 21

உ.வே. சாமிநாதையர் (1855–1942) கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தது 1880இன் தொடக்கத்தில். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்பிற்குரியவர், தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கல்லூரிப் பதவி பெற்றவர் என்னும் மூன்று சிறப்புகளும் இருபத்தைந்து வயதில் அவர்க்கு வாய்த்திருந்தன. அவ்வூர்க்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சென்று காணுமாறு ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அறிவுறுத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அச்சந்திப்பு நிகழ்ந்தது.

முதலியார் முகமலர்ச்சியோடு வரவேற்கவில்லை. யாரிடம் பயின்றீர் என வினவினார். பிள்ளையவர்களின் பெயர் எங்கும் மதிப்புத் தேடித்தரும் பெயர். இங்கு அது எவ்வித விளைவையும் ஏற்படுத்தவில்லை. பயின்ற நூல்களை வினவியபோது ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என அடுக்கினார். இவற்றால் என்ன பயன் என்னும் பொருள்படக் கேட்ட முதலியார், இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் பார்த்ததுண்டா என்றார். சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என அவர் பெயர் கூறியவற்றுள் ஒன்றையேனும் ஐயர் கண்டதில்லை. புத்தகம் கிடைத்தால் பயின்று பாடமும் சொல்லக்கூடும் என ஐயர் விடையிறுத்த பின்னரே முதலியாரின் போக்கு மாறியது. பின்னொரு நாளில் சிந்தாமணிக் கையெழுத்துப் படி ஐயர் கைக்கு வந்தது.

இந்நிகழ்ச்சி தமிழ் கற்றோர் யாவரும் அறிந்ததே. ஐயரே 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் சரித்திரம்' இதற்கு மூலம். அறுபது ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதியது ஆதலின் உரையாடலின் ஒவ்வொரு சொல்லையும் ஆவணமாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் தாம் பெற்ற புறக்கணிப்பினை மறையாது, அதற்கே மிகுதியான இடம் கொடுத்து அவர் எழுதியிருப்பது கருதத்தக்கது. நாம் பொதுவாக இந்நிகழ்ச்சியை முதலியார் ஐயர்க்கு வழிகாட்டியதாகவே படிக்கிறோம். மறுபுறமிருந்தும் இதனைப் படித்தல் வேண்டும். முதலியார் ஓர் அரசு அலுவலர். ஆங்கிலக் கல்வி பெற்றவர். 1885இல் இந்திய மக்களின் குறைகளை இங்கிலாந்து வாக்காளர்முன் எடுத்துரைக்கச் சென்ற மூவருள் ஒருவர். பழந்தமிழ்க் காப்பியங்களைக் கற்கவேண்டும் என்னும் வேட்கை அவர்க்கிருந்தது; கற்பிப்பார் கிடைக்கவில்லை. தமிழ்ப் புலவர் எனத் தம்மைக் கூறிக்கொண்டு வருவோரிடம் அவர் அவ்வினாவை எழுப்பும்போதெல்லாம் ஏமாற்றமே எஞ்சியது. அன்று அவர் காட்டிய பாராமுகம் செருக்கினால் மட்டும் வந்ததன்று. பலமுறை ஏமாந்தவரின் காப்புணர்வும் அதில் உண்டு. தேடிச் சென்றவரும் தேடப்பட்டவரும் ஒரே பொருளை நாடியவரே என்பது அவ்வறையில் இருந்த இருவர்க்கும் முதற் கால்மணி நேரத்தில் தெரிந்திருக்கவில்லை.

சமணர் இல்லம்

ஏடு கிடைத்தது, பொருள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும், சமண சமயக் கருத்துகள் வரும் இடங்களில் ஐயர் தடுமாறினார். உதவி கேட்கக்கூடியவர் அவரறிந்த புலவர் உலகில் ஒருவருமிலர். கும்பகோணத்திலேயே சமணர் வாழ்கின்றனர் எனத் தெரியவந்தபோது அவர் அவர்தம் இல்லத்தை நாடினார்.

அந்நடையின் அருமையை உணரச் சைவ மரபில் சிந்தாமணி பெற்றிருந்த இடத்தை நினைவுகூர்தல் வேண்டும். அநபாய சோழன் சிந்தாமணியில் மனம் தோய்ந்திருந்தான் என்றும், அதனைப் பொய்ந்நூல் எனக் கடிந்த சேக்கிழார் அவனைச் சிவனடியார் வரலாற்றின்பால் திருப்பினார் என்றும் சேக்கிழார் வரலாறு கூறுகிறது. பெரிய புராணம் தோன்றியதற்கான காரணமே இந்நூலின் மீதான மறுப்பு என்பது சைவர் கேட்டு வளர்ந்த செய்தி. சைவ ஆதீனம் ஒன்றின் நிழலில் வளர்ந்த ஸ்மார்த்த அந்தணர் ஒருவர் சமணர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சிந்தாமணிக்குப் பொருள் கேட்பது இருபுறத்தும் ஐயத்தினை எழுப்பக்கூடியது. சமணர் நோக்கில் இவர் வாதுக்கு வந்தவராக இருக்கலாம். பழிக்கும் நோக்குடன் மறைபொருள் அறிய வந்தவராகவும் இருக்கலாம். சைவர் நோக்கில் இவர் கைவிட்டுப் போனவர்.

நிகழ்ந்தது வேறு. ஐயர் சென்ற நாளில் அவ்வீடு மாவிலைத் தோரணமும் கோலமுமாக விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் வினவியபோது, சிந்தாமணி படித்து நிறைவு செய்த நாள் அது என விடை வந்தது. மாதக்கணக்கில் முறையாகப் படித்து, முடித்து, அம்முடிவினை விழாவாகக் கொண்டாடுகின்றனர். முதலியார் இல்லத்தில் 'கிடைத்தற்கரியது' எனப் பேசப்பட்ட நூல் சில தெருக்களுக்கு அப்பால் வழிபாட்டு நூலாகப் பயிலப்பட்டுக்கொண்டிருந்தது! 'மீட்பு' என்னும் சொல்லை நாம் அளவறிந்து ஆளவேண்டும் என மேலே கூறியதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை. சிந்தாமணி தொலைந்துபோகவில்லை. அதனைப் படிப்போரை நாம் தொலைத்திருந்தோம்.

அவ்வீட்டார் ஐயரை ஏற்றனர். சந்திரநாத செட்டியார் என்பவர் அவர் வினாக்களுக்கெல்லாம் விடை கூறினார். மீண்டும் மீண்டும் வந்து நுணுக்கமாக வினவும் இவ்வேற்றுச் சமயத்தாரைக் கண்டு வியந்த அவ்வீட்டுப் பெண்மணி, இவர் 'பவ்ய ஜீவன்' போலும் எனக் கூறியதாக ஐயர் எழுதுகிறார். வீடுபேற்றிற்குரிய தகுதி வாய்ந்த உயிர் என்பது அச்சொல்லின் பொருள். தம் சமயத்தின் கலைச்சொல் ஒன்றினாலேயே அவ்வம்மையார் அந்நியரைத் தம்மவராக்கிக்கொண்டார். மறுமுனையில், சைவ மடத்துச் சூழலில் சிலர் குறை கூறவே செய்தனர். சுப்பிரமணிய தேசிகர் தடை செய்யவில்லை என்பதும் பதிவு செய்யத்தக்கது. 1887இல் சிந்தாமணி முழுமையாக நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.

மணிமேகலைப் பதிப்பினை இதனோடு ஒப்பிடின் வேறுபாடு புலப்படும். பௌத்த நூலாகிய அதற்குப் பொருள் கேட்கச் செல்லத் தமிழகத்தில் ஒரு பௌத்தர் வீடும் எஞ்சியிருக்கவில்லை. தட்டுவதற்குக் கதவே இல்லாத நிலை. கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் ஆங்கிலத்தில் வெளிவந்த பௌத்த சமய நூல்களைப் படித்துக் கருத்துரைக்க, அவற்றின் துணைகொண்டே 1898இல் மணிமேகலை வெளிவந்தது. கும்பகோணத்துத் திண்ணையில் கிடைத்தது ஒரு நூலுக்கு. மற்றொன்றுக்குக் கிடைத்ததோ ஐரோப்பியர் வழிச் சுற்றிவந்த அறிவு.

பாலக்காட்டிலும் அத்தகைய ஒரு திண்ணை இருந்தது. நகரின் மேற்கே ஜைனமேடு என இன்றும் வழங்கும் பகுதியில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் உள்ளது. சமணக் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் தம் புகழ்பெற்ற 'வீணபூவு' கவிதையை 1907இல் இங்குத் தங்கியிருந்தபோது இயற்றினார். மலையாள இலக்கிய வரலாறு ஜைனமேட்டை இதன்பொருட்டு நினைவில் வைத்துள்ளது. தமிழ் ஆய்வுலகம் அவ்விடத்தை நாடிச் சென்ற அளவு குறைவே.

மறுக்கப்பட்ட வேண்டுகோளும் எதிர்பாராக் கடிதமும்

கதவு தட்டியோர் அனைவர்க்கும் அது திறந்தது எனக் கருதுதல் தவறு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை (1832–1901), வீரசோழியம், இறையனார் அகப்பொருள், கலித்தொகை முதலியவற்றை அச்சிற்குக் கொணர்ந்தவர். ஏடுகள் நாளுக்கு நாள் அழிவது பற்றித் தம் பதிப்புரைகளில் மனம் நொந்து எழுதியவர். ஐயர் சிந்தாமணியை ஆராய்வதறிந்து தொடர்பு கொண்ட அவர், அதனை வெளியிடும் பணியைத் தம்மிடம் விடுமாறு வேண்டினார். வயதிலும் பதிப்பு அனுபவத்திலும் மூத்தவர். அரசாங்கப் பதவி வகித்தவர். ஐயர்க்கோ அதுவரை ஒரு பெருநூலையும் பதிப்பித்த அனுபவம் இல்லை. மனம் அலைக்கழிந்த ஐயர் முடிவில் மறுத்துவிட்டார். இங்கு மறுக்கப்பட்டவர் பிள்ளை.

இம்மறுப்பினைப் பிற்காலத்தார் இருவரையும் எதிரெதிர் நிறுத்தி, கட்சி பிரித்துப் பேசுவதற்குப் பயன்படுத்தியுள்ளனர். 'யார் முதல்வர்' என்னும் அவ்வாதம் பெரும்பாலும் வீண் எனலாம். கருதத்தக்கது யாதெனின், மறுப்பிற்குப் பின்னும் இருவரிடையே கடிதப் போக்குவரத்து முறியவில்லை என்பதே. ஒரே நூலை விரும்பும் இருவர் கிடைத்தற்கரியர். நூல் யாருடையது என்பதில் அவ்விருவரும் முரண்படக்கூடும். அம்முரண் நட்பினை முற்றிலும் விழுங்கவில்லை.

சிந்தாமணியை அச்சிடப் பொருள் வேண்டி ஐயர் முன்கூட்டியே கையொப்பம் திரட்டினார். ஒவ்வொரு கையொப்பமும் ஒரு கதவே. நூல் வெளிவந்த பின் எதிர்த்திசையிலிருந்தும் ஒரு கதவு தட்டப்பட்டது. பாரிசு நகரத்தில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன், முன்பின் அறியாத ஐயர்க்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். பாரிசு நூலகத்திலுள்ள தமிழ் ஏடுகள் பற்றிய செய்தி கும்பகோணம் வந்தடைந்தது அவ்வழியே. சிந்தாமணி, மணிமேகலைக் கதைகளை வின்சோன் 1900இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

ஐயர் 1903இல் கும்பகோணத்தை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அதே கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து, கணிதம் தவிரப் பிற பாடங்களில் தேறாது உதவித்தொகையை இழந்த மாணவர் சீனிவாச இராமானுசன். கேம்பிரிட்ஜ் அறிஞர் இருவர்க்கு எழுதிப் பயன் காணாமல், மூன்றாவதாக ஹார்டிக்கு அவர் கடிதம் விடுத்தது 1913 ஜனவரி 16ஆம் நாள். பிப்ரவரியில் விடை வந்தது. துறை வேறு, தட்டிய முறை ஒன்றே. முதலிரு மறுப்புகளோடு அவர் நின்றிருந்தால் என்னும் எண்ணம் கணித வரலாற்றாசிரியர் பலர்க்கும் தோன்றியிருக்கும்.

வண்ணாத்திப்பாறையும் கோவில்மலையும்

ஐயரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892இல் வெளிவந்தது. அடியார்க்குநல்லார் உரையோடு அந்நூல் அச்சில் கிடைத்த பின்னரே கண்ணகி நடந்த வழியைக் காப்பிய அடிகளைக் கொண்டு ஆராய்தல் பலர்க்கும் கைகூடிற்று. மதுரையின் மேற்கு வாயில் வழியே நீங்கிய கண்ணகி, வையைக் கரையைப் பற்றிச் சென்று, நெடுவேள் குன்றம் ஏறி, பதினான்காம் நாள் விண்ணுலகு சென்றாள் என்பது காப்பியச் செய்தி. அக்குன்றம் எது? திருச்செங்கோடு என்பாரும், கொடுங்கோளூர்க்கு அயலிலுள்ள மலை என்பாரும் இருந்தனர். தஞ்சைக் கரந்தைப் புலவர் கல்லூரிப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், நூலகத்தில் அமர்ந்து இவ்வினாவுக்கு விடை காண முயலவில்லை. பூம்புகாரிலிருந்து காப்பியம் காட்டும் வழியே நடந்தார். பல ஆண்டுகள் தொடர்ந்த அம்முயற்சியின் முடிவில், 1963இல் இன்றைய தேனி, இடுக்கி மாவட்ட எல்லையில் வண்ணாத்திப்பாறைப் பகுதி மலைமுகட்டில் சிதைந்து கிடந்த மங்கலதேவி கோயிலைக் கண்ணகி கோட்டம் என அறிவித்தார்.

அவர் முடிவினை அனைவரும் ஏற்றனர் எனல் இயலாது. கேரள அறிஞர் சிலர் அதனை ஒரு பகவதி கோயில் என்ற அளவிலேயே கொள்வர். கண்ணகி வழிபாட்டின் மையம் கொடுங்கல்லூர் என்னும் கருத்தும் வலுவாக உள்ளது. அவ்விவாதத்தில் தீர்ப்புக் கூறுவது இங்கு நோக்கமன்று. காப்பிய அடிகளைக் கையில் கொண்டு ஊர் ஊராகச் சென்று, வழி கேட்டு, ஆயர்களையும் மலைவாழ் மக்களையும் வினவிய ஒரு கல்லூரி ஆசிரியரின் செயல் அக்காலத்துத் தமிழாய்வில் அரியது. பைத்தியக்காரச் செயல் என்று கருதப்படும் இடர்ப்பாடு ஊர்மக்களிடமும் உண்டு. உடன் பணிபுரிவோரிடமும் உண்டு. இங்கும் 'கண்டுபிடிப்பு' என்னும் சொல் நம்மை மயக்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் மக்களும் மலைமக்களும் அக்கோயிலை அறிந்தே இருந்தனர். பளியன்குடியிலிருந்து மேலேறும் காட்டுவழி பளியர் பெயரையே தாங்கியுள்ளது. கோவிந்தராசனார் செய்தது, மலையில் இருந்த வழிபாட்டையும் ஏட்டில் இருந்த பாடத்தையும் ஒன்றோடொன்று பேசவைத்தமையே. பதிகத்தில் குறவரும் சாத்தனாரும் ஒருவர்முன் ஒருவர் வந்து நின்றதுபோன்ற செயல் அது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு இணைந்தன. கோயிலும் எல்லைச் சிக்கலுக்கு உள்ளாயிற்று. பெரியாறு புலிகள் காப்பகத்தின் உள்ளே அமைந்த அவ்விடத்திற்கு ஆண்டில் ஒருநாள், சித்திரை முழுநிலா நாளில் மட்டும், இரு மாவட்ட ஆட்சியரும் கூடி வகுக்கும் ஏற்பாட்டின்படி மக்கள் செல்லலாம். குமுளியிலிருந்து வண்டியிலும், பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் வருவோர் முகட்டில் கூடுவர். தமிழ் முறையிலும் மலையாள முறையிலும் வழிபாடு நிகழும்.

அதே இடுக்கி மாவட்டத்தில், கட்டப்பனையை அடுத்த கோவில்மலையில் மன்னான் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமக்கென ஒரு மன்னரை உடைய இம்மக்கள், மதுரைப் பகுதியிலிருந்து வந்தவர் எனத் தம் முன்னோரைப் பற்றிக் கூறுவர். அவர்தம் பேச்சு தமிழோடு நெருங்கியது. அவர்கள் ஆடும் மன்னான் கூத்தின் கதை கோவலன் கண்ணகி கதையே. இது காப்பியத்திலிருந்து இறங்கிவந்ததா, காப்பியத்திற்கு முன்பிருந்த வாய்மொழிக் கதையின் கிளையா, மதுரைப் பக்கத்துக் கோவலன் நாடகங்களிலிருந்து பிற்காலத்தில் ஏறியதா என்பதை உய்த்துணர்ந்து கூறுதல் முறையன்று. கூத்துப் பாடல்களை முழுமையாகக் கேட்டுப் பதிந்து, பாடுவோரோடு இருந்து பொருள் உசாவி, சிலப்பதிகாரத்தோடும் அச்சிட்ட கோவலன் கதைகளோடும் ஒப்பிட்ட பின்னரே அதனைக் கூறுதல் கூடும். அயலார் பலர் படமெடுத்துச் சென்று திரும்பிவாராத அனுபவம் பழங்குடி மக்கள் பலர்க்கும் உண்டு. ஆதலின் முதல்நாள் சென்றவர்க்கு மூத்த பாடகர் ஒருவர் முகங்கொடாது போவதும் நிகழலாம். அங்ஙனம் நேரின், 1880இல் முதல் சந்திப்பிற்குப் பின்னும் முன்சீபு வீட்டிற்கு மீண்டும் சென்ற கல்லூரி ஆசிரியரைப் போல, அடுத்த கூத்து நாளில் மறுபடியும் செல்லவேண்டியதுதான்.